முதியவர் கைக்கு ஒரு டம்ளர்

மதுரையிலிருந்து ராஜபாளையம், செங்கோட்டை என்று தெற்கே ஓடும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூரை எட்டுவதற்குச் சற்று முன்னால், வத்திராயிருப்புக்குப் பாதை பிரிகின்ற கிருஷ்ணன்கோவிலில், அமாவாசைக்கு அமாவாசை சதுரகிரிக்குப் போகிறவர்களின் கூட்டமும் மற்ற நாட்களில் கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டமுமாகப் பஸ்கள் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அந்தச் சந்தடிக்கு ஒரு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கையில் கொடுத்த டம்ளருக்குள் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலை மெதுவாக உள்ளே விட்டுப் பார்த்தார் என் பெரியம்மா. விரல் நனைந்தது. அதற்குப் பிறகுதான் அவர் டம்ளரை வாயருகே கொண்டுபோனார்.

அதற்கு முன்பும் பல தடவை அவர் அப்படிச் செய்ததுண்டு. நாங்கள்தாம் அதை வயோதிகத்தின் அசட்டுப் பழக்கமென்று எண்ணி, "தண்ணிக்குள்ள விரலை விடாதீங்க பெரியம்மா" என்று, எச்சில், சுத்தம் என்பதையெல்லாம் வாழ்நாள் முழுதும் எங்களுக்குப் போதித்தவருக்கே திரும்பப் போதித்துக்கொண்டிருந்தோம். பளபளவென்று துலக்கிய எவர்சில்வர் டம்ளரில் நிறமற்ற தண்ணீரை ஊற்றி, வெயிலோ விளக்கோ அந்த உலோகத்தில் பட்டுத் தெறிக்கும்படி நீட்டினால், மங்கிய கண்ணுக்கும் அதைவிட மங்கிய நினைவுக்கும் அது வெறும் பாத்திரமாகவே தோன்றும் என்பது எங்களுக்கு உறைக்க ஏழெட்டு மாதம் ஆயிற்று. கண்ணுக்கு அகப்படாததை விரலால் தேடிய அவருடைய உபாயத்தில் இருந்த விவேகம், அந்த ஏழெட்டு மாதமும் எங்கள் எவரிடமும் இருக்கவில்லை.

"வயசானா அப்படித்தான்" என்றும், "சின்னப்பிள்ளை மாதிரி ஆயிட்டாங்க" என்றும் நம் பக்கத்திலும், அறளை பெயர்ந்துவிட்டது என்று யாழ்ப்பாணத்திலும் சொல்லித் தள்ளிவிடுகிற இந்த அவஸ்தையை வைத்தியர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். பத்திரிகைகள் மறதி நோய் என்று எழுதுகின்றன. 2023-இல் வெளிவந்த அகில இந்திய ஆய்வொன்று, அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருக்கலாமென்றும், ஆண்களைவிடப் பெண்களிடத்திலும் நகரங்களைவிடக் கிராமங்களிலும் அதன் விகிதம் அதிகமென்றும் கணக்கிட்டது. ஆகவே இது பட்டணத்துப் பணக்காரர் வியாதி என்று யாராவது சொன்னால், அவர்கள் தங்கள் ஊர்த் திண்ணைகளைப் பார்த்ததில்லை என்றே பொருள்.

மறதி என்றவுடன் பெயரும் முகமும் மறந்துபோவதைத்தான் நாம் நினைக்கிறோம். கையும் மறக்கும். டம்ளர் என்பது எதற்காக ஏற்பட்ட வஸ்து, அதை எந்தப் பக்கம் பிடிப்பது, தூக்கியபின் வாய்க்குக் கொண்டுபோவதா தலைக்குக் கொண்டுபோவதா, வாய்க்குள் வந்த தண்ணீரை என்ன செய்வது என்று, நாம் ஒரு நொடியில் நம்மை அறியாமல் முடிக்கிற காரியம் அவர்களுக்குப் பத்துப் படிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு படியிலும் வழி தவறுவதற்கு இடமுண்டாகிறது. ஆனாலும் இதில் ஒரு கிரமம் இருக்கிறது: நேற்றுக் கற்றது முதலில் போகிறது, ஆயிரம் பதினாயிரம் தடவை கை செய்து பழகியது கடைசியில் போகிறது. மகளுடைய பெயர் நாவில் வராத என் பெரியம்மாவுக்கு, குடித்து முடித்ததும் முந்தானையால் டம்ளரின் விளிம்பைத் துடைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. மறதி நோய் கண்டவருக்குப் பாத்திரம் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கிரமத்தை அறிந்திருக்க வேண்டும். கடையில் புதிதாக வந்திருப்பது எது என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கை எதை அறியும் என்று கேட்க வேண்டும்.

இத்தனை ஆராய்ச்சியும் ஒரு டம்ளருக்காகவா என்று சிலர் பரிகாசம் செய்யலாம். வயதாக ஆகத் தாக உணர்ச்சியே குறைந்துவிடும் என்பதையும், குறைந்த தாகத்தையும் சொல்லத் தெரியாத நிலை இந்நோயினால் வருகிறது என்பதையும், சித்திரை வைகாசியில் எங்கள் விருதுநகர் ஜில்லாவில் அடிக்கிற வெயில் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்து யோசித்தால் பரிகாசம் நின்றுவிடும். உடம்பில் நீர் வற்றிய முதியவர் அதிகமாகப் பிதற்றுவார். பகலெல்லாம் தூங்கி வழிவார். மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வரும். வீட்டார், "நோய் முத்திவிட்டது" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இருதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருந்து வைத்தியர் அளவு விதித்திருந்தாலன்றி, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவாவது ஏதேனும் ஒரு திரவம் உள்ளே போக வேண்டும். அந்த ஒன்றரை லிட்டரும் வாசலைக் கடந்து செல்லும் வண்டி, அந்த டம்ளர்தான்.

நம்முடைய டம்ளரோ, முதியவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பாத்திரமல்ல. அதன் விரிந்த விளிம்பும் ஒடுங்கிய உடலும், உதடு படாமல் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்ளும் சம்பிரதாயத்துக்கு வாகாக அமைந்தவை. உதடு பட்டால் எச்சில். எச்சில் பட்டால் தோஷம். ஒரு வீட்டுக்குள் சுகாதாரமாக இருந்த இந்த எண்ணம், தெருவுக்கு வந்தபோது இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று இரட்டைக் குவளை வைத்து மனிதனை மனிதன் அவமதித்ததற்கும் துணைபோயிற்று என்பதைத் தென்ஜில்லாக்காரர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். அது வேறு வழக்கு. இங்கே விரித்துச் சொல்ல இடமில்லை. நம் விஷயத்துக்கு வேண்டியது இவ்வளவே: தலையைப் பின்னால் சாய்த்து முகவாயை மேலே தூக்கும்போது மூச்சுக்குழல் திறந்துகொடுக்கிறது, தண்ணீர் தன் கனத்தாலேயே உள்ளே விரைகிறது, விழுங்கும் தசைகள் தாமதமாக வேலை செய்கிற ஒருவருக்கு அது வரவேண்டிய நேரத்துக்கு முன்னதாகவே வந்து, போகக்கூடாத வழியில் போய்விடுகிறது.

இதைத்தான் புரையேறுதல் என்கிறோம். புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பது நம் ஊர் நம்பிக்கை. பெரியம்மாவுக்குப் புரையேறும்போதெல்லாம் நாங்களும் உச்சந்தலையில் தட்டி, "பம்பாயில இருக்கிற மகன் நினைக்கிறான்" என்று அவரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தோம். அந்த மகன் ஒரு நாளைக்கு நாலு தரம் நினைக்க ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குச் சந்தேகம் தட்டியது. முற்றிய மறதி நோயாளிகளின் உயிரைக் கொண்டுபோகிற காரணங்களில், ஆகாரமும் நீரும் நுரையீரலுக்குள் இறங்குவதால் வரும் நிமோனியா முக்கியமானது என்று பிறகு ஒரு வைத்தியர் சொன்னார். அடிக்கடி புரையேறுவதும், குடித்தபின் குரல் நனைந்ததுபோல் கரகரப்பதும் அதன் முன்னறிவிப்புகளாம். அன்றோடு அண்ணாந்து குடிப்பதற்கு எங்கள் வீட்டில் முற்றுப்புள்ளி வைத்தோம். நிமிர்ந்து உட்காருவது, முகவாய் சற்றுக் கீழே தாழ்ந்திருப்பது, ஒரு மிடறு இறங்கிய பிறகு அடுத்த மிடறு, குடித்த உடனே படுக்கவைக்காமல் அரைமணி நேரம் உட்காரவைப்பது: வைத்தியர் கொடுத்த மருந்துச் சீட்டில் எழுதாத மருந்துகள் இவை. பெயர் வேண்டாம், ஓர் ஆஸ்பத்திரியில், மல்லாந்து படுத்திருந்த ஒரு கிழவருக்குப் பாலாடையால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்த ஓர் ஊழியரைப் பார்த்தபோது, இந்தச் சீட்டை அங்கே எழுதி ஒட்டவேண்டும் என்று தோன்றியது.

பம்பாய் மகன் தன் பங்குக்கு ஒரு பாத்திரம் வாங்கி அனுப்பினான். மூடிபோட்டு, மூடியில் மூக்கு வைத்து, கவிழ்த்தாலும் சிந்தாத பிளாஸ்டிக் குவளை. கைக்குழந்தைகளுக்கு வாங்குகிறோமே, அந்த ஜாதி. அதைக் கையில் வாங்கிய பெரியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பக்கமாக நீட்டினார். "இது பாப்பாவுது. பாப்பாகிட்ட குடு." அவருடைய புத்தி எவ்வளவு தேய்ந்திருந்தாலும் மரியாதை எது, அவமரியாதை எது என்கிற ஞானம் தேயவில்லை என்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டிற்று. கௌரவத்தை விட்டுவிட்டுப் பிரயோஜனத்தை மட்டும் பார்த்தாலும் அந்தக் குவளை தேறாது. மூடி போட்டதால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. காபியானால் வாசனையும் மூக்குக்கு எட்டாது. உறிஞ்சினால் தண்ணீர் நேரே நாக்கின் பின்புறம் போய் விழுகிறது. கடைசிச் சொட்டுவரை குடிக்க வேண்டுமானால் மறுபடியும் அண்ணாந்தே தீரவேண்டும். சிந்தாமலிருப்பது, துடைக்கிறவருக்குச் சௌகரியம், குடிக்கிறவருக்கு அல்ல. கை முற்றிலும் ஓய்ந்து படுக்கையோடு இருப்பவர்கள் சிலருக்கு அது உதவலாம். நடமாடுகிறவர் கையில் முதல் நாளே அதைத் திணிப்பது அவசரப்பட்டு அவர்களைத் தொட்டிலில் இடுவதாகும்.

மேல்நாட்டார் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கவனித்திருக்கிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய அல்சைமர் நோயாளிகள் ஒன்பது பேருக்கு வெள்ளைப் பாத்திரங்களை எடுத்துவிட்டு அழுத்தமான சிவப்பில் தட்டும் குவளையும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு நூற்றுக்கு 25 பங்கும், பானம் 84 பங்கும் கூடுதலாக உள்ளே போயிற்று. அழுத்தமான நீலத்துக்கும் அந்தப் பலன் இருந்தது. வெளிறிய சிவப்புக்கும் வெளிறிய நீலத்துக்கும் இல்லை. ஆகவே மகிமை சிவப்பினுடையதன்று. பாத்திரமும் பதார்த்தமும் ஒன்றிலிருந்து ஒன்று விலகித் தெரிவதன் மகிமை அது. தைவானில் பிறந்த ஷா யாவ் என்னும் வடிவமைப்பாளர், தம் பாட்டிக்கு இந்நோய் கண்டதைப் பார்த்து, உள்ளே நீலமும், சாய்ந்த அடிப்பாகமும், எளிதில் கவிழாத ரப்பர் அடித்தளமும் கொண்ட ஒரு பாத்திரத் தொகுதியை அமைத்து, 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். மூக்கு இடிக்காதபடி ஒரு பக்கம் அரைவட்டமாக வெட்டிய குவளைகள், கை நடுக்கத்தை அடக்குவதற்காக அடியில் கனம் வைத்த குவளைகள், இரு பக்கமும் காது வைத்தவை என்று அங்கே கடைகளில் பல தினுசு கிடைக்கின்றன.

பாஸ்டனைப் பின்பற்றி நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அழுத்தமான சிவப்பில் ஒரு பிளாஸ்டிக் கப்பு வாங்கிவந்து, தண்ணீர் நிரப்பிப் பெருமிதத்தோடு பெரியம்மா கையில் கொடுத்தேன். அவர் எழுந்து, வாசற்படி ஓரமாகப் போய், அந்தத் தண்ணீரைக் காலில் ஊற்றி, ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிழை அவருடையதா? நம் வீடுகளில் சிவப்புப் பிளாஸ்டிக் கப்பு எங்கே இருக்கும், எதற்கு இருக்கும் என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாஸ்டன் கிழவரின் கைக்கு அது தேநீர்க் கோப்பை. கிருஷ்ணன்கோவில் கிழவியின் கைக்கு அது குளியலறைச் சாமான். ஆராய்ச்சி பொய்யில்லை, ஆனால் அதை நம் தாழ்வாரத்துக்குள் அழைத்துவரும்போது செருப்பைக் கழற்றச் சொல்லித்தான் அழைத்துவர வேண்டும்.

கடைசியில் வழி எங்கள் அடுக்களை அலமாரியிலேயே இருந்தது. டம்ளரோடு கூடப் பிறந்த டபராவை (சில வீடுகளில் வட்டா என்பார்கள்) நாம் காபி ஆற்றுவதற்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். எங்கள் பெரியம்மா தலைமுறையினரோ அதிலேயே ஊற்றி, ஊதி, உதடு வைத்து உறிஞ்சிக் குடித்தவர்கள். அகன்ற வாயானபடியால் உள்ளே இருப்பது தெரிகிறது, மூக்கு இடிப்பதில்லை, ஆகவே தலையைச் சாய்க்க வேண்டியதுமில்லை. இரண்டு கையாலும் ஏந்தினாலன்றி அதை எடுப்பது எளிதல்ல என்பதனால் ஒரு கையின் நடுக்கத்தை மற்றொரு கை தாங்கிக்கொள்கிறது. குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் புறங்கை பட்டுச் சாய்வது குறைவு. ஓரங்களில் கொஞ்சம் ஒழுகும். மடியில் ஒரு துண்டு விரித்தால் போயிற்று. மகளுடைய கல்யாணச் சீரில் வந்து, பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிய கனமான டபரா ஒன்று எங்களிடம் இருந்தது. அதை ஏந்திக்கொண்டு, அந்தப் புள்ளிகளின்மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே அவர் குடித்தபோது, புரையேறவில்லை.

காபிக்கும் மோருக்கும் சரி, தண்ணீர்? எவர்சில்வரின் பளபளப்பு இன்னும் அப்படியேதானே இருந்தது. புனலூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை ஊருக்கு வந்தபோது, கேரளத்து வீடுகளில் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் பதிமுகச் சீவலைக் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள். அந்தத் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். டபராவில் ஊற்றியதும், வெள்ளி வட்டத்துக்குள் ரோஜா நிறம் நிற்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. விரல் உள்ளே போகவில்லை. நேரே உதடு போயிற்று. பாத்திரத்தை மாற்ற முடியாதபோது பதார்த்தத்தின் நிறத்தை மாற்றலாம் என்பது எங்களுக்கு இவ்விதமாக விளங்கிற்று. சீரகத் தண்ணீர், நன்னாரி, நீர்த்த கேப்பைக் கஞ்சி எல்லாம் இதே வகையைச் சேர்ந்தவை. வெறும் தண்ணீர் புரையேறுகிறவர்களுக்குக் கஞ்சியின் கெட்டித்தன்மை இன்னும் அனுகூலம். எவ்வளவு கெட்டி என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

டபராவுக்கு இருபுறமும் காது வைத்துத் தரமுடியுமா என்று கேட்கப் பாத்திரக் கடைக்குப் போனேன். "இத்தனை வருஷத்தில டபராவுக்குக் காது வைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லையே, அண்ணாச்சி" என்று கடைக்காரர் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தம் தகப்பனாருக்கும் இதே உபத்திரவம் என்றும், அவருக்கும் சேர்த்து இரண்டாகச் செய்துவிடலாம் என்றும் சொன்னார். அப்படிச் செய்த டபராதான் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது.

என்னுடைய முறையீடு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு கடைக்காரரும் ஒரு வாடிக்கையாளரும் தற்செயலாகச் சந்தித்துப் பற்றவைத்துக்கொண்ட இரண்டு காதுகளை, எவர்சில்வரும் பித்தளையும் செய்து நாடெங்கும் அனுப்புகிற திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பட்டறைகள் ஓர் அச்சுப் போட்டு ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ள முடியாதா? ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற மருத்துவத் துணி கடல் கடந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்நிய தேசத்துக் காயங்களுக்குக் கட்டுத் துணி கொடுக்கிற சீமையில், சொந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு ஒரு நல்ல குவளை கடையில் கிடைக்கவில்லை. எங்கள் ஊரிலேயே 1984-இல் கலசலிங்கம் பொறியியற் கல்லூரியாக எழுந்து, 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வித்தியாசாலை இருக்கிறது. கடைசி வருஷத்துத் திட்டப்பணிக்கு என்ன செய்யலாமென்று ஆண்டுதோறும் கையைப் பிசைகிற பிள்ளைகள், வளாகத்துக்கு வெளியே இரண்டு தெரு நடந்து நாலு முதியவர்கள் எப்படித் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஒரு மாலைப்பொழுது பார்த்தால், பொருள் தானாகக் கிடைத்துவிடும். உள்பக்கம் கருநீலமோ கருஞ்சிவப்போ எனாமல் பூசி, வெளியே நம் டபராவின் உருவம் மாறாமல், அடியில் கனமும் பக்கத்தில் காதும் வைத்த ஒன்று. விலை ஒரு சாதாரண டபரா செட்டின் விலையை விஞ்சக்கூடாது.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்க டாக்டர் வ.செ. நடராசன் பாடுபட்ட காலத்திலிருந்து, 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்ட காலம் வரை வந்துவிட்டோம்; சந்தோஷம். ஆனால் கிருஷ்ணன்கோவிலிலிருந்து கிண்டி ஒரு ராத்திரிப் பிரயாணம். புதிய இடத்தைக் கண்டால் மிரளுகிறவர்களை அவ்வளவு தூரம் யார் கொண்டுபோவது? 2021 ஆகஸ்டிலிருந்து வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண்கள், அதே நடையில் "பாட்டி எதுல தண்ணி குடிக்கிறாங்க, குடிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கப் பழக்கினால், பைசாச் செலவில்லாமல் எத்தனையோ நுரையீரல்கள் தப்பும்.

பாத்திரம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் தனியாகக் குடிக்கச் சொன்னால் பெரியம்மா குடிப்பதில்லை. வாழ்நாளெல்லாம் வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் கடைசியில் குடித்த கை அது, டபராவை என் பக்கம் நீட்டி, "நீ குடிச்சியா ராசா?" என்பார். குடித்தேன் என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார். ஆகையால் நானும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு எதிரே உட்காருகிறேன். நான் ஒரு மிடறு குடித்தால் அவரும் ஒரு மிடறு குடிக்கிறார். பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. நேற்றுச் சாயங்காலம் பாதி குடித்ததும் முந்தானையால் விளிம்பைச் சுற்றித் துடைத்தார். பிறகு, குடித்து முடித்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் பழைய முறைமை மாறாமல், மிச்சமிருந்த பதிமுகத் தண்ணீரோடு டபராவைத் திண்ணையில் கவனமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, எல்லாம் சரியாக முடிந்ததென்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வழிந்த தண்ணீரைத் துடைக்க நான் துணி எடுத்துவந்தபோது, அதில் கால் நனைந்த சந்தோஷத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இனிமேல் பாதிதான் ஊற்றுவது, இரண்டு தடவையாகக் கொடுப்பது என்று அடுக்களையில் முடிவு செய்திருக்கிறோம்.